டனியூப் வழக்கில் நம் குளங்கள்: நீதியரசர் வீரமந்திரி எழுதிவைத்தவை

1997 செப்டெம்பர் 25ஆம் திகதி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வழக்காடியவை ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும். சண்டை டனியூப் நதியில் அணை கட்டுவதைப் பற்றியது. நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தத் தீர்ப்போடு சேர்த்து நீதிமன்றத்தின் உப தலைவர் எழுதிய தனிக் கருத்துரையைப் புரட்டிக்கொண்டு போனால், நடுவில் இலங்கையின் குளங்கள் வருகின்றன. பெருங்குளம், கிராமத்துக் குளம், வண்டல் வந்து கீழேயுள்ள குளத்தைத் தூர்த்துவிடாமல் மேலேயே மறித்து வைத்துக்கொள்ளும் சிறு குளம், பயிருக்கு ஒரு சொட்டும் விடாமல் காட்டு மிருகங்கள் குடிப்பதற்கென்றே காட்டுக்குள் வெட்டிவிட்ட குளம் என்று வகைவகையாக. எழுதியவர் நீதியரசர் கிறிஸ்தோபர் கிரெகரி வீரமந்திரி.

2017 ஜனவரி 5ஆம் திகதி கொழும்பில் தனது 90ஆவது வயதில் அவர் காலமானார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகப் பதவிகளை வரிசையாகச் சொல்லி, விருதுகளையும் சொல்லி முடித்துவிடுவார்கள். தப்பில்லை, பெரிய பதவிகள்தான். ஆனாலும் ஒரு நீதிபதியை நினைக்க வேண்டுமென்றால் அவர் எழுதிய காரணங்களைப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. அதுவும் வீரமந்திரியை மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்துகொண்டு படிக்கும்போது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. தண்ணீரைப் பங்கிடும் ஊர் வழக்கமும் சட்டம்தான் என்பதை உலக நீதிமன்றத்தில் அவர் பக்கம் பக்கமாக எழுதி நிறுவ வேண்டியிருந்தது. நம் வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், அது இன்றைக்கும் போகத்துக்குப் போகம் நடந்துகொண்டிருக்கிறது.

முதலில் ஆளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1926 நவம்பர் 17இல் கொழும்பில் பிறந்தவர். றோயல் கல்லூரியில் படித்து, பிறகு லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் சட்டம் படித்தவர். 1948இல் அட்வகேற்றாகத் தொழிலைத் தொடங்கினார். ஒப்பந்தச் சட்டம் பற்றி இரண்டு பாகங்களில் அவர் எழுதிய பெரிய நூல் 1967இல் வெளிவந்தது, நம் நாட்டின் ஒப்பந்தச் சட்டம் றோமன் டச்சுச் சட்டத்தின் வழி வந்தது என்பதால் அந்த நூலுக்கு இங்கே இருக்கும் மரியாதை தனி. அதே 1967இல் உயர் நீதிமன்ற நீதியரசரானார், நாற்பது வயதுவாக்கில். இன்னும் இருபது வருடத்துக்கு மேல் அந்த ஆசனத்தில் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 1972இல் அதை விட்டுவிட்டு மெல்பேர்ணிலுள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்துக்குச் சட்டப் பேராசிரியராகப் போனார். 1991இல் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகும்வரை அங்கேதான்.

அந்த மெல்பேர்ண் காலத்தில் நடந்த ஒன்றைத்தான் அவர் குணத்துக்குச் சாட்சியாக முதலில் சொல்வேன். நவூரு என்று பசிபிக் சமுத்திரத்தில் ஒரு குட்டித் தீவு, மொத்தப் பரப்பே 21 சதுர கிலோமீற்றர்தான். தீவு முழுக்கப் பொஸ்பேற்று. பல பத்தாண்டுகளாக அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரித்தானியா மூன்றும் சேர்ந்து அதைத் தோண்டி உரத்துக்குக் கொண்டுபோனார்கள். 1968இல் தீவு சுதந்திரம் பெற்றபோது தோண்டிய இடமெல்லாம் பயிரும் வைக்க முடியாத, வீடும் கட்ட முடியாத வெறும் கற்கூம்புகளாகக் கிடந்தது. அந்த நிலத்தைத் திருத்திக் கொடுக்கும் பொறுப்பு யாருடையது என்று விசாரிக்க 1980களின் பிற்பகுதியில் நவூரு அரசாங்கம் ஒரு ஆணைக்குழு அமைத்தது. அதற்குத் தலைவர் வீரமந்திரி. அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர், அவுஸ்திரேலியா பொறுப்பேற்க வேண்டும் என்ற பக்கமாக முடிவு சொன்னார். 1989இல் நவூரு வழக்குப் போட்டது. 1992இல் அவுஸ்திரேலியாவின் ஆரம்ப ஆட்சேபனைகளை நீதிமன்றம் பெரும்பாலும் தள்ளிவிட்டது. 1993இல் 107 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் தருவதாக ஒப்புக்கொண்டு அவுஸ்திரேலியா சமரசத்துக்கு வந்தது. அதற்குள் வீரமந்திரி அதே நீதிமன்றத்தில் நீதிபதியாகிவிட்டார், ஆனால் முன்பு விசாரித்த விவகாரம் என்பதால் அந்த வழக்கில் அவர் அமரவில்லை. செய்யவேண்டிய முறை அதுதான்.

அடுத்தது கிழக்குத் திமோர். அங்கேயும் எதிர்ப்பக்கத்தில் அவுஸ்திரேலியா. 1975இல் இந்தோனேசியா பிடித்துக்கொண்ட அந்த நாட்டின் கடலடி எண்ணெயைப் பங்கிட 1989இல் அவுஸ்திரேலியாவும் இந்தோனேசியாவும் ஒப்பந்தம் போட்டன, முன்னாள் ஆட்சியாளரான போர்த்துக்கல் அவுஸ்திரேலியாவின் மேல் வழக்குப் போட்டது. 1995 ஜூன் 30இல் வந்த தீர்ப்பில் 14 நீதிபதிகள், இந்தோனேசியா வழக்கில் இல்லாமல் இதைத் தீர்க்க முடியாது என்றார்கள். இருவர் ஒத்துக்கொள்ளவில்லை, அதில் ஒருவர் வீரமந்திரி. அவர் கேட்டது நேரான கேள்வி. இந்தோனேசியா செய்தது சரியா பிழையா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த மக்களின் சுயநிர்ணய உரிமையை மதிக்கும் கடமை அவுஸ்திரேலியாவுக்குத் தனியாகவே உண்டா இல்லையா? உண்டென்றால் அது அந்தக் கடமைப்படி நடந்ததா என்று பார்க்க இந்தோனேசியா எதற்கு? 2002 மே 20இல் கிழக்குத் திமோர் சுதந்திர நாடானது. சுயநிர்ணயம் என்ற வார்த்தை நம் காதில் எப்படி விழும் என்று எனக்குத் தெரியும், அதனாலேயே ஒன்றைச் சொல்ல வேண்டும்: அவர் எழுதியது ஐ.நா. சுயாட்சியற்ற பிரதேசம் என்று பட்டியலிட்ட ஒரு நாட்டைப் பற்றி. அதை இழுத்து நம் அரசியலுக்கு அவர் சொல்லாத ஆதரவை அவர் வாயில் வைப்பது நேர்மையாகாது. ஆனால் ஒரு மக்கள் கூட்டத்தின் உரிமை சம்பந்தப்பட்ட வழக்கில் நடைமுறைக் காரணத்தைச் சொல்லிக் கதவைச் சாத்தக்கூடாது என்று அவர் வாதிட்ட விதம் நமக்கும் படிக்க வேண்டியதுதான்.

உலகம் அவரை நினைப்பது அணு ஆயுத வழக்கை வைத்து. அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது, பயன்படுத்துவேன் என்று மிரட்டுவது எந்தச் சூழ்நிலையிலாவது சட்டத்துக்கு உட்பட்டதா என்று 1994 டிசெம்பரில் ஐ.நா. பொதுச் சபை நீதிமன்றத்திடம் ஆலோசனை கேட்டது. 1995 நவம்பரில் ஹிரோஷிமா, நாகசாகி மேயர்கள் வந்து பேசினார்கள். மார்ஷல் தீவுகளிலிருந்து ஒரு பெண் வந்து, அமெரிக்கா அங்கே அணுகுண்டு சோதித்த பிறகு தங்கள் தீவுகளில் பிறந்த குழந்தைகள் எப்படி இருந்தன என்று சொன்னார். 1996 ஜூலை 8இல் கருத்து வந்தது: பொதுவாகப் பார்த்தால் சட்டவிரோதம், ஆனால் ஒரு நாடு அழிந்தே போகும் நிலையில் தற்காப்புக்காகப் பயன்படுத்துவது பற்றி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இந்தப் பகுதிக்கு 7 பேர் ஆதரவு, 7 பேர் எதிர்ப்பு, தலைவரின் தீர்மான வாக்கால்தான் நிறைவேறியது.

இந்த 7க்கு 7 என்பதைச் செய்தியாகப் படித்தவர்கள் ஒரு விஷயத்தைத் தவறவிட்டுவிடுவார்கள். எதிர்த்த 7 பேரும் ஒரே பக்கம் இல்லை. அவர்களில் மூன்று பேர், கயானாவின் ஷஹாபுதீன், சியராலியோனின் கொரோமா, நம் வீரமந்திரி, எதிர்த்ததே அந்தக் கருத்து போதாது என்பதற்காக. விலக்கே கிடையாது, எந்தச் சூழ்நிலையிலும் அணு ஆயுதம் சட்டவிரோதம் என்று வீரமந்திரி எழுதினார். ஆகப் பொதுவாகச் சட்டவிரோதம் என்பதில் 14 பேரில் 10 பேர் ஒத்துப்போனார்கள் என்று கணக்குப் பார்க்கலாம்.

அந்த மாறுபட்ட கருத்துரை ஒரு புத்தக அளவுக்கு நீளம். அதில் ஒரு இடம் கிழக்கு மாகாணத்துக்காரர் எவரையும் நிறுத்திவிடும். போரில் எதையும் செய்யலாம் என்பதில்லை, அதற்கும் எல்லை உண்டு என்ற கொள்கை ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் பிறந்ததல்ல என்று காட்டுவதற்காக அவர் உலகத்தின் பழைய மரபுகளை ஒவ்வொன்றாக எடுக்கிறார். 1139இல் திருச்சபையின் லாத்தரன் சங்கம் குறுக்கு வில்லைக் கொடிய ஆயுதம் என்று தடுத்தது வருகிறது. அம்பில் நஞ்சு தடவுவதை இஸ்லாமியப் போர்ச் சட்டம் தடுத்தது வருகிறது (இஸ்லாமியச் சட்டவியல் பற்றி 1988இலேயே தனி நூல் எழுதியவர் அவர், பெயருக்கு ஒரு வரி சேர்க்கிறவர் இல்லை). இராமாயணம் வருகிறது: எதிரியின் இனத்தையே, ஆயுதம் ஏந்தாதவர்களையும் சேர்த்து, அழிக்கக்கூடிய ஒரு ஆயுதம் இலட்சுமணனிடம் இருந்தபோது, இராவணன் செய்வது அநியாயப் போரே என்றாலும் அதைத் தொடக்கூடாது என்று இராமன் தடுக்கிறான். பிறகு மகாபாரதம். அருச்சுனன் பாசுபதாஸ்திரத்தை வைத்திருந்தும் விடவில்லை, எதிரி சாதாரண ஆயுதங்களால் போரிடும்போது அதை விடுவது போர் முறைக்குப் பொருந்தாது என்பதற்காக.

கல்முனைக்குப் பக்கத்தில் பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயில் திருவிழா 18 நாள் நடக்கும். பாரதக் கதையே அங்கே திருவிழா. பாண்டவர் வனவாசம் போவார்கள், அருச்சுனன் பாசுபதம் வேண்டித் தவம் செய்ய ஏறுவான், கடைசியில் தீமிதிப்பு. தவம் ஏறுவதைப் பார்க்கத் திரளுகிற சனத்துக்கு அந்த ஆயுதம் எவ்வளவு கஷ்டப்பட்டுக் கிடைத்தது என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். கிடைத்ததை அவன் விடவில்லை என்பதுதான் ஹேக் நீதிமன்றத்தின் ஏட்டில் ஏறியிருக்கிறது. ஒரு கொழும்புக்காரர் அதைச் சட்ட ஆதாரமாக எடுத்து வைத்தார்.

இப்படிப் புராணத்தையும் இதிகாசத்தையும் நீதிமன்றத்தில் எடுக்கலாமா என்று அப்போதே முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அவர் அலங்காரத்துக்காக எடுக்கவில்லை. சர்வதேச நீதிமன்றத்தின் சாசனத்தில் 38ஆம் உறுப்புரை என்று ஒன்று உண்டு. ஒப்பந்தங்கள், வழக்காறு, நாடுகள் ஏற்றுக்கொண்ட பொதுச் சட்டக் கோட்பாடுகள் ஆகியவற்றிலிருந்து நீதிமன்றம் சட்டத்தை எடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 9ஆம் உறுப்புரை இன்னொன்று: நீதிபதிகளைத் தெரிவுசெய்யும்போது உலகத்தின் முக்கியமான நாகரிகங்களெல்லாம் அங்கே இடம்பெற வேண்டும். வீரமந்திரி இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப்போட்டார். எல்லா நாகரிகத்தையும் சேர்ந்தவர்கள் அங்கே உட்கார வேண்டும் என்றால், உட்கார்ந்த பிறகு ஐரோப்பியச் சட்டத்தை மட்டும் பேசுவதற்கா? பொதுக் கோட்பாடு என்பதை எல்லாருடைய பழைய அறிவிலிருந்தும்தானே எடுக்க வேண்டும்? இதுதான் அவர் வாதம். எனக்கு இதில் ஒரு ஓட்டையும் தெரியவில்லை.

சரி, டனியூபுக்கு வருவோம். 1977இல் ஹங்கேரியும் அப்போதைய செக்கோஸ்லோவாக்கியாவும் கூட்டாக அணைகள் கட்ட ஒப்பந்தம் போட்டன. 1989இல் ஹங்கேரி, சுற்றாடல் பாதிக்கப்படும் என்று சொல்லித் தன் பக்க வேலையை நிறுத்தியது. 1992 ஒக்டோபரில் மறுபக்கம் தன் பாட்டில் ஆற்றைத் திருப்பிவிட்டது. நீதிமன்றம் இருவரிலும் பிழை கண்டது, ஒப்பந்தம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, உட்கார்ந்து பேசுங்கள் என்று அனுப்பியது. வீரமந்திரி அதோடு ஒத்துப்போனார், ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருப்பதாக நினைத்தார். ஒருவர் கையில் அபிவிருத்தி உரிமை, இன்னொருவர் கையில் சுற்றாடல் உரிமை, இரண்டும் முட்டினால் எதை வைத்துத் தீர்ப்பது? நிலைபேறான அபிவிருத்தி என்பதை வைத்து, என்றார். அதை ஒரு நல்ல ஆசை என்று விட்டுவிடாமல், கட்டுப்படுத்தும் சட்டக் கோட்பாடு என்று சொன்னதில்தான் புதுமை. நீதிமன்றத்தின் பெரும்பான்மை அதைக் கருத்து என்ற அளவில்தான் குறிப்பிட்டிருந்தது.

கட்டுப்படுத்தும் என்றால் அது எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டுமே. அங்கேதான் குளங்கள் வருகின்றன. தன்சானியாவின் மலைச்சரிவு வாய்க்கால்கள், பாரசீகத்தின் நிலத்தடிக் கால்வாய்கள், சீனாவின் பழைய நீர்ப்பாசனம் எல்லாம் வந்தாலும் அதிக இடம் இலங்கைக்குத்தான். மழையாக விழும் தண்ணீரில் ஒரு சொட்டும் மனிதருக்குப் பயன்படாமல் கடலுக்குப் போகக்கூடாது என்ற பராக்கிரமபாகு மன்னனின் வாக்கு வருகிறது. வேட்டைக்குப் போன தேவநம்பியதீசனிடம் மகிந்த தேரர் சொன்னதாக மகாவம்ச மரபில் வரும் உபதேசமும் வருகிறது: பறவைக்கும் விலங்குக்கும் இந்த நிலத்தில் உனக்குள்ள அதே உரிமை உண்டு, நிலம் மக்களுக்கும் எல்லா உயிர்களுக்கும் உரியது, நீ அதன் காவலன் மட்டும்தான். அரசன் சொந்தக்காரன் இல்லை, பொறுப்பாளன். இந்த ஒரு எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இயற்கை வளத்தின் பொதுப் பொறுப்பு என்ற கோட்பாட்டைக் கட்டுகிறார்.

இதைப் படிக்கும்போது கிழக்கிலிருந்து எனக்குச் சொல்ல இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, அவர் காட்டிய ஆதாரங்கள் பெரும்பாலும் அரசர்களும் வரலாற்று நூல்களும். வாய்க்கால் மட்டத்தில் தண்ணீரைப் பங்கிட்ட சாதாரண சனத்தின் வழக்கத்தைத் தேடிப் போயிருந்தால் அவர் வாதம் இன்னும் பலமாயிருக்கும், அந்த ஆதாரம் இங்கே கண்முன்னே இருக்கிறது. 1856இல் ஆங்கிலேய அரசாங்கம் வயல் நிலங்களுக்கு ஒரு நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் கொண்டுவந்ததன் காரணமே, நெற்செய்கையின் பழைய வழக்கங்கள் குலைந்துபோனதால் குளமும் வாய்க்காலும் சீரழிந்தது கண்டு, அந்த வழக்கங்களைத் திரும்ப நடைமுறைக்குக் கொண்டுவரத்தான். தன் சட்டம் போதாமல் ஊர் வழக்கத்தைச் சட்டமாக்கியது ஒரு பேரரசு. 1958இல் நெற்காணிச் சட்டம் வந்து வயல் தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்த்துக்கொண்ட பழைய விதானை முறையை எடுத்துவிட்டு செய்கைக் குழுக்களை வைத்தது. ஆனாலும் மட்டக்களப்புப் பக்கம் வட்டை விதானை இன்னமும் வட்டை விதானைதான், ஏக்கருக்கு இவ்வளவு நெல் என்று விவசாயிகளே அவருக்குக் கொடுக்கிறார்கள்.

பெரும்போகம் தொடங்குவதற்கு முன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்துக்குப் போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் அரசாங்க அதிபரோ பிரதேச செயலாளரோ இருப்பார், நீர்ப்பாசனப் பொறியியலாளரும் கமநல உத்தியோகத்தர்களும் இருப்பார்கள். இந்தப் பக்கம் விவசாய அமைப்புக்காரரும் வட்டை விதானைமாரும். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதில் பேச்சுத் தொடங்கும். எத்தனை ஏக்கர் செய்யலாம், துருசு (குளத்து மதகு) எந்தத் திகதியில் திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, வாய்க்கால் துப்புரவு எப்போது, மாடுகளை வட்டையை விட்டு எந்தத் திகதிக்குள் கொண்டுபோவது, கடைசித் தண்ணீர் என்றைக்கு. உன்னிச்சையோ நவகிரியோ றூகமோ, இந்தக் கேள்விகள் மாறாது. சத்தம் போடுவார்கள், ஒருவர் கோபித்துக்கொண்டு எழும்பிப் போவார், திரும்பி வருவார். கடைசியில் எடுத்த தீர்மானம் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின்படி எல்லாரையும் கட்டும், மீறினால் நீதவான் நீதிமன்றம் வரை போகலாம். இவ்வளவு தண்ணீர்தான் உண்டு, அதற்குள்தான் செய்கை, மேல்மடைக்காரன் நினைத்தபடி வக்கடையை (வரம்பில் தண்ணீர் விடும் வாயை) திறக்க முடியாது, மாட்டுக்கும் ஒரு இடம் உண்டு என்பதுதான் இதன் உள்ளடக்கம். வீரமந்திரி டனியூபுக்குச் சொன்னதும் இதைத்தான்.

இரண்டாவது கொஞ்சம் கசப்பானது. பழைய குளங்களைப் பற்றி அவர் எழுதியதில் ஒரு அமைதி இருக்கிறது, எல்லாம் இசைவாக இருந்ததைப் போல. அம்பாறையில் உள்ளவர்களுக்குப் பெருங்குளம் என்றால் இங்கினியாகலையின் சேனாநாயக்க சமுத்திரம், 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம். பட்டிப்பளை ஆற்றை மறித்து வந்த தண்ணீர் வயலை விரித்தது, அதோடு குடியேற்றமும் வந்தது, சனத்தொகையின் அமைப்பு மாறியது, 1956 ஜூனில் அங்கே தமிழர்கள் கொல்லப்பட்டார்கள், 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. குளம் கட்டுகிறவர் யாருக்காகக் கட்டுகிறார், குடியேறுவது யார், தண்ணீர் கடைசி வாய்க்கால்வரை போகுமா என்ற கேள்விகளைச் சேர்க்காமல் நம் பகுதியில் அபிவிருத்தியைப் பற்றிப் பேச முடியாது. சுற்றாடலையும் அபிவிருத்தியையும் தராசில் வைத்த அந்தக் கருத்துரை இந்த மூன்றாவது பாரத்தை வைக்கவில்லை. அது அவர் முன்னால் இருந்த வழக்கு அல்ல என்பதும் உண்மைதான்.

அதே கல்லோயாவில் இன்னொன்றும் நடந்தது. 1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இடதுகரையில் விவசாயிகளை வாய்க்கால் வாரியாக அமைப்பாக்கினார்கள். 1981இல் சேனாநாயக்க சமுத்திரத்தில் தண்ணீர் மிகக் குறைவு. மேல் வாய்க்காலில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைசிப் பக்கத்தில் தமிழ் விவசாயிகள். மேலே உள்ளவர்கள் வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறை வைத்துப் பாய்ச்சி, மிச்சப்படுத்திய தண்ணீரைக் கீழே அனுப்பினார்கள். நாட்டில் வேறு எரிகிற காலம் அது. கட்டளை போட்டவர் இல்லை. தண்ணீரை நேருக்கு நேர் உட்கார்ந்து பங்கிட ஒரு வழி கிடைத்ததும் பங்கிட்டார்கள். வீரமந்திரி குளங்களின் பழைய அறிவு என்று சொன்னது வெறும் பழங்கதை அல்ல என்பதற்கு மகாவம்சத்தைவிட எனக்கு இது பெரிய சாட்சி.

தனிக் கருத்துரை யாரையும் கட்டாது. அப்படியானால் அதனால் என்ன பயன் என்று கேட்கலாம். மூன்று வருடம் கழித்துப் பயன் நம் நாட்டிலேயே தெரிந்தது. அநுராதபுர மாவட்டத்தில் எப்பாவல என்ற இடத்தில் பொஸ்பேற்றுப் படிவம் இருக்கிறது. அதை 30 வருடத்துக்குத் தோண்டி எடுக்க ஒரு அமெரிக்கக் கம்பனி சம்பந்தப்பட்ட ஒப்பந்தத்துக்கு அரசாங்கம் தயாரானது. அந்தப் பகுதியைச் சேர்ந்த ஏழு பேர், பெரும்பாலும் வயலும் தோட்டமும் வைத்திருந்த சாதாரண ஆட்கள், உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட்டார்கள். 2000 ஜூன் 2ஆம் திகதி நீதியரசர் அமரசிங்க எழுதிய தீர்ப்பில் அவர்கள் பக்கம் வென்றது. முழுமையான ஆய்வும் முறையான சுற்றாடல் அனுமதியும் இல்லாமல் அந்த ஒப்பந்தம் போக முடியாது என்று நீதிமன்றம் தடுத்தது. அந்தத் தீர்ப்பு வீரமந்திரியின் டனியூப் கருத்துரையை எடுத்துக்காட்டுகிறது. அரசாங்கம் வளங்களின் சொந்தக்காரன் அல்ல, மக்களுக்காக வைத்திருக்கும் காவலன் என்ற எண்ணமும் அங்கே வருகிறது. நவூருவில் பொஸ்பேற்று தோண்டி முடிந்த பிறகு கணக்குக் கேட்டவரின் எழுத்து, எப்பாவலவில் தோண்டுவதற்கு முன்பே தடுக்க உதவியது.

2000இல் ஹேக்கிலிருந்து ஓய்வு பெற்று வந்தபின் அவர் சும்மா இருக்கவில்லை. கொழும்பில் சமாதானக் கல்விக்காக ஒரு நிலையம் தொடங்கினார், 2006இல் யுனெஸ்கோவின் சமாதானக் கல்விப் பரிசு, 2007இல் சுவீடனின் ரைட் லைவ்லிஹூட் விருது, அதே ஆண்டில் நாட்டின் அதியுயர் கௌரவமான ஸ்ரீலங்காபிமான்ய. அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் ஐ.நா.வில் 122 வாக்குகளால் நிறைவேறியது 2017 ஜூலை 7இல், அவர் இறந்து ஆறு மாதம் கழித்து. 2021இல் அது அமுலுக்கு வந்தது, 2023 செப்டெம்பரில் இலங்கையும் சேர்ந்தது. 1996இல் மூன்று பேர் சொன்னது இன்றைக்கு ஒரு ஒப்பந்தத்தின் வாசகம்.

நமக்கு உடனடியாக உதவக்கூடியது டனியூப் கருத்துரையில் இன்னும் ஒன்று இருக்கிறது, அதிகம் பேர் கவனிக்காதது. சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்பது திட்டத்துக்கு அனுமதி கொடுக்கும் நாளோடு முடிகிற வேலையல்ல, திட்டம் நடக்கும் காலமெல்லாம் தொடர வேண்டும் என்று அவர் எழுதினார். 1977இல் போட்ட ஒப்பந்தமாக இருந்தாலும் இன்றைய அறிவையும் இன்றைய அளவுகோலையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றும் எழுதினார். ஆற்று மணல் அகழ்வு அனுமதியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரம் கிடைத்துவிட்டது, இனி யாரும் பேசக்கூடாது என்பதுதான் நம் பக்கத்துப் பழக்கம். அவர் வாதப்படி, ஆற்றங்கரை இடிந்து வயலுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கினால் பத்திரம் இருந்தாலும் திரும்பப் பார்க்கக் கேட்கலாம். மட்டக்களப்பு மாவட்டத்து மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரிலிருந்து போராடிய பண்ணையாளர்களின் பிரச்சினையிலும், மாடு வட்டையை விட்டுப் போனால் போவதற்கு ஒரு இடம் இருக்க வேண்டும் என்ற அடிப்படை இதற்கு வெளியே இல்லை.

கேட்பதற்கு வழியும் இருக்கிறது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் அவகாசம், அதனால் பத்திரம் எப்போது யாருக்கு எந்த நிபந்தனையோடு கொடுத்தார்கள் என்பதை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் முதலில் எழுதிக் கேட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். சட்டத்தரணியிடம் போகும்போது எப்பாவலத் தீர்ப்பையும், சர்வதேச நீதிமன்றத்தின் 1997ஆம் ஆண்டு அறிக்கைத் தொகுதியில் 88ஆம் பக்கத்தில் தொடங்கும் வீரமந்திரியின் கருத்துரையையும் கையோடு கொண்டுபோங்கள். இரண்டாவது அந்த நீதிமன்றத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.